நஞ்சுக்கொடியின் காவற் புரதங்கள்



சித்தூர் மாவட்டத்தின் மேற்கே சாந்திபுரம், குப்பம், பலமனேர்ப் பக்கங்களில் பட்டுப்புழு வளர்ப்பு நெடுநாளாக நடந்து வருகிறது. பட்டுக் கூட்டிலிருந்து இழை எடுக்கும்போது நூல் சிக்கிக் கொண்டால், கைதேர்ந்தவர் அதனை அறுக்காமல் பொறுமையாகச் சிக்கெடுப்பார். ஏறக்குறைய இவ்வேலையையே செய்யும் புரதங்கள் நம் உடலின் உயிரணுக்களில் உண்டு. கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடியில் அவை ஆற்றும் பணி யாது? அவை அளவுக்கு மேல் மிகுவது எதனை உணர்த்துகிறது? இவற்றை இன்று காண்போம்.

1962ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் ரிட்டோசா என்பார், பழ ஈயின் உயிரணுக்கள் மிகுந்த வெப்பத்திற்கு ஆட்பட்டபோது அவற்றின் மரபிழைகளில் சில இடங்கள் புடைத்தெழுவதைக் கண்டார். சில புரதங்களை விரைந்து ஆக்குவதற்கான ஆயத்தமே அப்புடைப்பு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. வெப்பத்தின் வாயிலாகத் தெரிய வந்தமையால் அவை ‘வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்’ எனப் பெயர் பெற்றன. ஆயினும், பிராணவாயு குறைந்தாலும், நச்சுப் பொருள் தாக்கினாலும் உயிரணு அவற்றை மிகுதியாக ஆக்கிக் கொள்ளும். மடிப்புக் குலைந்த பிற புரதங்களைத் தாங்கிப் பிடித்து உரிய வடிவிற்குக் கொணர்வதும், திருத்த முடியாதவற்றை அகற்றத் துணை நிற்பதும் அவற்றின் கடமை.

இனி நஞ்சுக்கொடிக்கு வருவோம். கருவுற்ற தொடக்க மாதங்களில் நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவி, அங்குள்ள குறுகிய சுருள் நாடிகளை அகலமாக்குகின்றன. சிலரிடம் இவ்வேலை அரைகுறையாக நின்று விடுகிறது. அப்போது இரத்தம் சீராகப் பாயாமல், விட்டு விட்டுப் பாய்கிறது. பிராணவாயு ஒருபொழுது குறைந்தும் ஒருபொழுது மிகுந்தும் வருவதால் நஞ்சுக்கொடி அல்லலுறுகிறது. அந்நிலையில் காவற் புரதங்கள், குறிப்பாக ‘எழுபது’ என்னும் எண்ணால் குறிக்கப்படுவது, அங்கே மிகுதியாகின்றன.

உயிரணுவுக்குள் இருக்கும் வரையில் அப்புரதம் காவலன். உயிரணு சிதைந்து அது தாயின் இரத்தத்தில் கலந்தாலோ, உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டி அழற்சியை வளர்க்கக்கூடும். முன்சூல்வலிப்பு என்னும் நோயுற்ற தாய்மாரின் இரத்தத்தில் அது மிகுந்திருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அல்லலுறும் நஞ்சுக்கொடி வேறொரு புரதத்தையும் மிகுதியாக வெளிவிட்டு, தாயின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. இவ்வுண்மையை 2003ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வெளிப்படுத்திய குழுவில், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அனந்த் கருமாஞ்சி முதன்மையானவர்.

காவற் புரதத்தை அளந்து நோயை முன்கூட்டிச் சொல்லும் முறை இன்னும் அன்றாட மருத்துவத்தில் இடம்பெறவில்லை. தாயைக் காப்பவை எளிய சோதனைகளே. இருபது வாரங்களுக்குப் பின் இரத்த அழுத்தம் 140க்கு 90 என்னும் அளவை எட்டினாலும், சிறுநீரில் புரதம் கண்டாலும் மருத்துவர் விழிப்படைவார். கடுந்தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குதல் ஆகியவற்றைப் ‘பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்புதானே’ என்று தள்ளிவிடலாகாது. வலிப்பு வந்துவிட்டால் தாய், சேய் இருவர் உயிருக்கும் இடர். மக்னீசியம் சல்பேட் என்னும் மருந்து வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைப்பதைப் பதினாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. இடர் மிக்கவர்க்கு மூன்றாம், நான்காம் மாதத்திலேயே சிற்றளவு ஆஸ்பிரின் கொடுப்பதும் உண்டு. ஆனால் மருத்துவர் சொல்லாமல் அதனை உண்ணலாகாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு தனிக் கவலை உண்டு. ஏழாம் மாதம் வரை திருப்பதியிலோ சித்தூரிலோ காட்டிய பெண், வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு செல்கிறாள். முந்தைய அழுத்தக் கணக்கு அங்குள்ள மருத்துவருக்குத் தெரியாமற் போகிறது. ஆதலின் சோதனைக் குறிப்பேட்டைத் துணிமணியோடு மறவாமல் எடுத்துச் செல்க. மொழி தடையென்று அஞ்ச வேண்டுவதில்லை. நம் தலைநோவு தெலுங்கில் ‘தலநொப்பி’, வீக்கம் ‘வாபு’. இவ்விரு சொற்களே செவிலியரை விழிப்புறச் செய்யும். 2016 முதல் ஒவ்வொரு திங்களும் 9ஆம் நாள் அரசு மருத்துவ நிலையங்களில் கட்டணமின்றிக் கருவுற்றோர் சோதனை நடைபெறுகிறது. பேறு முடிந்த பின்னும் சில வாரங்கள் வரை இந்நோய் தலைகாட்டக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்க.

நஞ்சுக்கொடிக்குள் நடக்கும் போராட்டம் நம் கண்ணுக்குத் தெரியாது. அதன் ஓலத்தைக் கேட்கும் செவி, தாயின் கையில் மருத்துவர் சுற்றும் அந்த அழுத்தப் பட்டையே. அதனைத் தவறாமல் சுற்றிக் கொள்வது தாயின் கடமை. அவளை உரிய நாளில் அழைத்துச் செல்வது வீட்டாரின் கடமை.