பஞ்சியல்ல, நோய்

வெங்காயத் தறையில் மற்றவர்களை முந்திக்கொண்டு நடுகிறவள் என்று பேரெடுத்த ஒரு பெண். இரண்டாவது பிள்ளை பிறந்து ஒன்றரை வருடத்தில் காலையில் பாயை விட்டு எழும்பவே முடியாதவளானாள். சித்திரை வெயிலிலும் அவளுக்குக் குளிர்ந்தது. தலைமயிர் சீப்போடு வந்தது. மலச்சிக்கல், மிகுதியான மாதவிலக்கு, முகத்தில் அதைப்பு. உண்பது குறைவு, உடம்போ பெருத்தது. "பிள்ளைக்குப் பஞ்சி பிடிச்சிட்டுது" என்றார் மாமியார். இரத்தம் காணாது என்று இரும்புச்சத்துக் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் விடயத்தைக் கண்டுபிடித்தவர் வீட்டுக்கு வந்த மருத்துவமாதுதான். "தங்கச்சி, உங்கட குரல் ஏன் இப்பிடிக் கரகரக்குது?" என்று கேட்டார். கழுத்தைத் தடவிப் பார்த்தார். வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணாத்திப்பூச்சி சிறகு விரித்தது போல இருப்பது தைரொயிட் சுரப்பி. அது சுரக்கும் தைரொட்சின், உடம்பின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அது குறைந்தால் இருதயம், குடல், தோல், மூளை எல்லாமே மெதுவாகிவிடும். மனச்சோர்வும் மறதியும் வருவதும் அதனால்தான். மூளையின் அடியிலுள்ள இன்னொரு சிறு சுரப்பி இதைக் கண்காணிக்கிறது. தைரொட்சின் குறையக் குறைய அது ரீ.எஸ்.எச். என்னும் ஓமோனைக் கூடுதலாக அனுப்பி, "வேலை செய்" என்று தைரொயிட்டை விரட்டும். ஆகவே இரத்தத்தில் ரீ.எஸ்.எச். கூடியிருந்தால் தைரொயிட் தளர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

ஏன் தளர்கிறது? நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படை, தன் சொந்தச் சுரப்பியையே அந்நியனென்று எண்ணித் தாக்குகிறது. 1912இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய வைத்தியர், நான்கு பெண்களிடமிருந்து அகற்றப்பட்ட தைரொயிட்டுகளைப் பரிசோதித்து இந்நோயை விவரித்தார். அதனால் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. காவற்படையின் வேலைதான் இது என்பது 1956இல் தெரியவந்தது. அப்போது இலண்டன் ஆய்வாளர்கள் நோயாளரின் இரத்தத்தில் தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைக் கண்டார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு அதிகம். குடும்பங்களிலும் தொடர்ந்து வரும். தாய்க்கு இருந்தால் மகளின் களைப்பைப் பஞ்சி என்று தள்ளிவிடக்கூடாது.

கழுத்து வீங்கினால் உப்பில் அயடீன் காணாது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அதில் தவறில்லை. மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியில் கழலை நெடுங்காலமாகப் பரவியிருந்தது. கடலுப்பில் இயற்கையாக இருக்கும் அயடீன் மிகச் சொற்பம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1995 முதல் இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயமானது. அதற்குப் பின், 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பாடசாலை மாணவிகள் பலரின் இரத்தத்தில் தைரொயிட் பிறபொருளெதிரிகள் இருப்பதைக் காட்டி, அயடீன்தான் காரணமா என்று கேட்டது. பிறபொருளெதிரி இருப்பவரெல்லாம் நோயாளரல்லர். இதைக் கேட்டு அயடீன் உப்பை விட்டுவிடவும் வேண்டாம். கருவிலுள்ள பிள்ளையின் மூளைக்கு அது அவசியம். ஆனால் ஹஷிமோட்டோ நோய் உள்ளவர் கூடுதலாக அயடீன் மருந்தோ கடற்பாசி மாத்திரையோ எடுத்தால் நன்மையில்லை, கேடு விளையலாம்.

அழிந்த சுரப்பியை மீட்க மருந்தில்லை. குறைந்ததை ஈடுசெய்யத் தைரொட்சின் குளிசை உண்டு. விலை பெரிதல்ல. ஆனால் குடிக்கும் முறையில்தான் பலர் பிழை விடுகிறார்கள். அதிகாலையில், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தேநீரோ சாப்பாடோ இல்லாமல் இருக்கவேண்டும். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகள் இதை உடம்பில் சேரவிடாமல் பிடித்துவைக்கும். நான்கு மணித்தியாலம் தள்ளியே அவற்றை எடுக்கவேண்டும். சோயாவும் ஓரளவு தடுக்கும். அடுப்படித் தட்டில் வைக்கக்கூடாது. வெப்பமும் ஈரமும் குளிசையைக் கெடுக்கும். ஒருநாள் தவறினால் பயப்படவேண்டாம், மருந்து உடம்பில் பல நாள் நிற்கும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே இரத்தம் சோதிக்க வேண்டும். சுறுசுறுப்புக்காகக் கூட்டிக் குடித்தால் நெஞ்சு படபடக்கும், எலும்பும் தேயும்.

பக்கத்து வீட்டு அக்காவின் கழுத்தும் வீங்கியிருக்கிறது என்று இக்குளிசையைப் பங்கிடுவதுண்டு. இது மிக ஆபத்து. மெலிவு, கைநடுக்கம், படபடப்பு, கண் பிதுங்கல் இருந்தால் அது தைரொயிட் மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயாக இருக்கலாம். அதுவும் காவற்படையின் பிழைதான், ஆனால் வைத்தியம் நேர்மாறானது.

முதலில் சொன்ன பெண்ணுக்கு எட்டு மாதத்தில் நன்றாகச் சுகம் வந்தது. "சுகமான பிறகு ஏன் குளிசை?" என்று வீட்டார் கேட்டார்கள், அவளும் நிறுத்திவிட்டாள். இது வாழ்நாள் முழுவதற்கும் என்று கிளினிக்கில் அவளுக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. அவசரமாக வரிசையை நகர்த்தும் இடங்களில் இது நடக்கிறது. அடுத்து உண்டான கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. குளிசையை விட்டதுதான் காரணமென்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. பல காரணங்களால் கரு கலைகிறது. ஆனால் தைரொட்சின் குறைந்த தாய்க்கு அந்த ஆபத்து கூடுதல். கருவின் தைரொயிட் ஏறக்குறைய பன்னிரண்டாம் வாரம்வரை வேலை தொடங்காது. அதுவரை தாயின் தைரொட்சினே பிள்ளையின் மூளையையும் வளர்க்கிறது. கர்ப்பத்தில் குளிசையின் அளவைப் பெரும்பாலும் மூன்றிலொரு பங்கு வரை, சிலருக்கு அதிலும் கூடுதலாக, ஏற்றவேண்டி வரும். அதனால் மாதவிலக்கு தவறியதுமே, மூன்றாம் மாதம்வரை காத்திராமல், வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

அடுத்த முறை நாள் தள்ளி ஐந்தாம் நாளே அவள் கிளினிக்குக்குப் போனாள். அளவு கூட்டப்பட்டது. அங்கே கொடுத்த இரும்புச்சத்தையும் கல்சியத்தையும் மத்தியானத்துக்கும் இரவுக்கும் ஒதுக்கினாள். பிள்ளைக்கு இப்போது இரண்டு வயது. விடியப்புறம் எழுந்து குளிசையை விழுங்கிவிட்டுத்தான் முற்றம் கூட்டுகிறாள். கூட்டி முடிய தேநீருக்கு நேரம் சரியாக இருக்கும். போன மாதம் தங்கையையும் இரத்தம் சோதிக்கக் கூட்டிக்கொண்டு போனாள்.