உயிரின் விலை ஐந்தாயிரம்

நெல்லை மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் 2022 மே 14 இரவு பாறை சரிந்து ஆறு தொழிலாளர்கள் சிக்கினார்கள். நான்கு பேர் பிணமாகத்தான் வீடு திரும்பினார்கள். 2025 மே 20 அன்று சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் மறுபடியும் பாறை சரிந்தது, மறுபடியும் உயிர்கள் போயின. ஒவ்வொரு முறையும் நிவாரணம் அறிவிக்கிறார்கள். குவாரியைச் சில காலம் மூடுகிறார்கள். குற்றம் செய்தவருக்கு என்ன தண்டனை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கல்குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். கெட்டியான பாறையானாலும் பக்கச் சுவரைச் செங்குத்தாக விடாமல், ஆறு மீட்டருக்கு மேற்படாத படிகளாக வெட்டி இறங்க வேண்டும் என்பது 1961ஆம் ஆண்டு விதி. அப்படி வெட்டினால் செலவு கூடும், கல் குறையும். அதனால் கிணறு போலத் தோண்டுகிறார்கள்.

விதியை மீறியதால் ஆள் செத்தால்? 1952ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் 72சி பிரிவு, அதிகபட்சம் இரண்டாண்டு சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. படுகாயத்துக்கு 3,000. அந்த 'அல்லது' போதும், பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அனுமதியில்லாமல் கனிமம் வெட்டினாலோ ஐந்தாண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. கல்லுக்கு இருக்கிற மதிப்பு கல் உடைக்கிறவனுக்கு இல்லை. குழிக்குள் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் நம் காலனிக்காரர்களும், வடமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்களும் என்பதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்த 5,000 ரூபாய் வழக்கையும் இறந்தவரின் மனைவி நேரடியாகப் போட முடியாது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை ஆய்வாளரோ, அவர் அதிகாரம் அளித்த ஆய்வாளரோ, மாவட்ட நடுவர் என்ற முறையில் ஆட்சியரோ முன்வர வேண்டும். அதற்கும் பொதுவாக ஆறு மாதம்தான் கெடு. "என் வீட்டுக்காரர் அங்கே வேலையே பாக்கலன்னு சொல்றாங்கண்ணே" என்று ஒரு தங்கை என்னிடம் அழுதாள். பதிவேட்டில் பெயர் இல்லாதவன் செத்தால் அவன் தொழிலாளியே இல்லை, வழி தவறி விழுந்தவன்!

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மரணத்துக்கான அபராதத்தை ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் உயர்த்தியிருக்கிறது. அதில் பாதிக்குக் குறையாத தொகையைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். வரவேற்போம். ஆனால் அங்கேயும் அதே 'அல்லது' உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன்பு செத்தவர்களுக்குப் பழைய கணக்குதான்.

ஆகவே விபத்து நடந்த ஊர்க்காரர்கள் நிவாரண மனுவோடு நின்றுவிடக் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கூலி வாங்கியதற்கான துண்டுச் சீட்டு, கூட வேலை செய்தவர்களின் சாட்சியம், கைபேசிப் படம் எதையும் விடாதீர்கள். 'இது விபத்து அல்ல, விதிமீறல்; சுரங்கப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்குத் தொடர வேண்டும்' என்று ஆட்சியருக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

நிவாரணம் பசிக்கு. வழக்கு, அடுத்தவன் சாகாமல் இருப்பதற்கு.