உங்களுக்குத் தெரியுமா? பொட்டு, பூ, பூண்டு, சிமென்ட்

● ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் சிலருக்கு வட்டமாக வெள்ளை விழுவதற்குக் காரணம் பொட்டின் நிறம் அல்ல, பின்னாலிருக்கும் பசை. சில பசைகளில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால், தோலுக்கு நிறம் தரும் செல்களைக் கெடுத்துவிடும். வெளுப்பு தெரிந்த அன்றே பொட்டை நிறுத்துங்கள். அதே இடத்தில் பெரிய பொட்டாக வைத்து மறைப்பதுதான் பலரும் செய்வது. வெள்ளை பரவவும் அதுவே வழி.

● மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்துவிடும். பழைய குங்குமம் அப்படி வந்ததுதான். செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நெற்றி அரிக்கும், பிறகு கருத்துப்போகும். அரிப்பு நின்ற பிறகும் கருமை மாதக்கணக்கில் நிற்பதுண்டு.

● “இத்தனை வருஷமா இதே ஹேர் டைதானே போடறேன், இப்ப மட்டும் எப்படி அலர்ஜி டாக்டர்?” தோல் மருத்துவர்களுக்குப் பழகிப்போன கேள்வி. இவ்வகை அலர்ஜி முதல் தடவையே வருவதில்லை. ஒரு பொருள் தோலில் திரும்பத் திரும்பப் பட, உடலின் எதிர்ப்புச் செல்கள் என்றோ ஒருநாள் அதைப் பகையென்று பதிந்துகொள்ளும். அதற்குப் பின் அது பட்டால் ஓரிரு நாளில் அரிப்பு, வீக்கம், நீர்க்கொப்புளம். கறுப்பு டையில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பாராஃபினைலீன்டையமின், சுருக்கமாக பிபிடி. தலையில் போட்டது காதிலும் இமையிலும் கழுத்திலும் வெடிப்பதால் டை மேல் சந்தேகமே வராது.

தி. நகரில் கல்யாண ஷாப்பிங் முடித்துக் கைக்கு மெஹந்தி போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மருதாணி இலை தருவது செம்மை மட்டுமே. அரை மணியில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோனில் பிபிடி இருக்கலாம். குழந்தைகள் கையில் அதைப் போடவே வேண்டாம். இன்று அந்த டிசைனால் ஏறும் ஒவ்வாமை, பல ஆண்டு கழித்து முதல் ஹேர் டையில் வெடிக்கக்கூடும்.

● பூண்டு உரிப்பவருக்கு எந்தக் கை வெடிக்கும்? பெரும்பாலும் இடது கை. கத்தி வலது கையில் இருக்க, பூண்டைப் பிடிப்பது இடது கட்டைவிரலும் அடுத்த இரு விரல்களும் அல்லவா! அந்த மூன்று நுனிகளிலும் தோல் தடித்துப் பிளக்கும். மெஸ்ஸிலும் சமையல் கான்ட்ராக்டிலும் வேலை செய்வோர் இதைத் தண்ணீரில் ஊறியதால் வந்த வெடிப்பு என்றே நினைத்துவிடுகிறார்கள்.

● மயிலாப்பூர் மாட வீதியில் நாளெல்லாம் பூத் தொடுக்கும் கைகளுக்குச் சாமந்தியே பகையாகலாம். சாமந்திக் குடும்பத்துச் செடிதான் காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியமும். 1950களில் புனேயில் கண்ணில் பட்டு நாடு முழுக்கப் பரவியது. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பார்த்தீனியத்தைத் தொடக்கூட வேண்டாம், காய்ந்த தூள் காற்றில் வந்து இமையிலும் கழுத்திலும் படிந்தாலே போதும்.

● நகப் பூச்சு ஒவ்வாமை நகத்தில் அல்ல, இமையில் தெரியும். விரல் போய்ப்போய்த் தொடுமிடம் அது.

● கொத்தனார், சித்தாள் கைகளில் வரும் சொறிக்கு முக்கியக் காரணம் சிமென்டில் கரையும் ஆறிணைதிறன் குரோமியம். டென்மார்க் 1980களின் தொடக்கத்திலேயே சிமென்டில் ஃபெரஸ் சல்ஃபேட் கலந்து அதை அடக்கியது, தொழிலாளர்களிடம் ஒவ்வாமையும் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் கூடாது என்கிறது. அடையாறில் மாடி மாடியாக எழுப்பும் கைகளுக்கோ சாயங்காலம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். வெடிப்புக்கு அது இதம்தான். குரோமியத்தை அது தடுக்காது. நல்ல ரப்பர் கையுறையும், கை கழுவத் தண்ணீரும், அதற்கு ஐந்து நிமிடமும் கொடுப்பது வேலை வாங்குபவரின் கடமை.

● தோலைப் பதப்படுத்தவும் குரோமியம்தான். அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் இருப்பதால் இந்தச் சங்கதி நமக்கு ஊர்ச்சங்கதி. பதனிடும்போது போடுவது சாதுவான மூவிணைதிறன் வகை. பக்குவம் தவறினால் அதில் கொஞ்சம் ஆறிணைதிறனாக மாறிவிடும். செருப்பு வார் படுமிடத்தில் மட்டும் அரித்தால் அதையும் நினைத்துப் பாருங்கள்.

● எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க ‘பேட்ச் டெஸ்ட்’ இருக்கிறது. ஜெர்மன் மருத்துவர் ஜோசஃப் யாடசோன் 1895இல் அறிவித்த முறை. சந்தேகப் பொருள்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு களிம்பை முதுகில் தடவியிருந்தால் சோதனை பொய் சொல்லும், டாக்டரிடம் மறைக்காதீர்கள். போகும்போது டை அட்டைப்பெட்டி, சோப்பு உறை, வேலையிடத்து டப்பாவின் லேபிள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.