ஒரே பெயர், ரெண்டு நெருப்பு மனுஷங்க

"ஹியூமன் டார்ச்னா ஜானி ஸ்டார்ம்தானே, எதுக்கு ரெண்டு பேர்னு சொன்னீங்க?"ன்னு போன எபிசோட் கேட்ட ஒரு நண்பர் கேட்டிருந்தார். ரெண்டு பேர்தான். பிரிஞ்சு போன இரட்டையர்னே வச்சுக்கலாம். ஆனா இவங்க பிரிஞ்சது திருவிழாக் கூட்டத்துல இல்ல, பதிப்பக ஆபீஸ்ல.

மூத்தவர் 1939-ல பிறந்தார். அக்டோபர் தேதி போட்ட 'மார்வெல் காமிக்ஸ்' முதல் இதழ், வரைஞ்சவர் கார்ல் பர்கோஸ். பேர்லதான் ஹியூமன், ஆள் புரொஃபசர் ஹார்ட்டன் செஞ்ச ஆண்ட்ராய்டு. காத்து பட்டாலே உடம்பு பத்திக்கும், அணைக்கவும் தெரியாது. சக்தின்னு சொல்றதை விட சரி பண்ணாத பக்னு சொல்லலாம். அதனால அவரைக் காத்துப் புகாத கண்ணாடிக் குழாய்ல வச்சிருப்பாங்க.

இங்க கொஞ்சம் நிறுத்துறேன், ஏன்னா நான் பெண்ணாடம். பக்கத்து விருத்தாசலம் செராமிக் ஊர், சூளைப் பேச்சு கேட்டு வளர்ந்தவன். காத்தை அடைச்சா தீ உடனே அணைஞ்சிடும்னு காமிக்ஸ் சொல்லுது. ஆனா கொதிக்கிற சூளையில காத்தைக் குறைச்சா, தீ பசியில மண்ணுலயும் கிளேஸ்லயும் இருக்கிற ஆக்சிஜனையே உருவும். செம்பு கலந்த கிளேஸ் பூசின ரெண்டு கோப்பையை எடுத்துக்கோங்க. நல்லா காத்தோட்டமா சுட்டது பச்சையா வரும். காத்தைக் குறைச்சு சுட்டது ரத்தச் சிவப்பா வரும். ஒரே மண், ஒரே பூச்சு. பக்கத்துல வச்சா அண்ணன் தம்பின்னு யாரும் நம்ப மாட்டாங்க. கீழடியில கிடைச்ச கருப்பு-சிவப்புப் பானைங்க இன்னும் விசேஷம்: ஒரே பானையில ரெண்டு நிறமும்.

சரி, தம்பிக்கு வருவோம். 1961 நவம்பர் தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழ், ஸ்டான் லீ, ஜாக் கிர்பி. ஜானி ஸ்டார்ம் நிஜ மனுஷன், டீனேஜ் பையன், சூ ஸ்டார்மோட தம்பி. காஸ்மிக் கதிர் பட்டு சக்தி வந்தவன். பேரும் தீயும் மட்டும் பர்கோஸோடது.

அப்போ அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை முதல்ல 28 வருஷம்தான், அப்புறம் புதுப்பிக்கணும். 1939 கூட 28, அதாவது 1967. அந்தக் கெடு நெருங்குற நேரத்துல பர்கோஸ் தன் ஆளைத் திரும்பக் கேட்டு சட்ட வழியில போனார். கடைசியில டார்ச் மார்வெல்கிட்டயேதான் இருந்தது.

அதே 1966-ல வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஆண்டு மலர் நாலாவது இதழைப் படிச்சீங்கன்னா வயிறு என்னமோ பண்ணும். மேட் திங்கர்ங்கிற வில்லன் பழைய டார்ச்சை எழுப்பி, ஜானியோட மோத விடுறான். மூத்தவரோ, தன்னை மாதிரியே எரியற இந்தப் பையனைக் கொல்ல மாட்டேன்னு மறுக்கிறார். அதுக்காகவே அழிக்கப்படுறார். உரிமைச் சிக்கல் தெரியாம படிச்சா நல்ல தியாகக் கதை. தெரிஞ்சு படிச்சா, அந்தப் பக்கங்களை என்னால சாதாரணமா புரட்ட முடியல.

அந்தக் கோடையில ஒரு நாள் அப்பா தன்னோட காமிக்ஸ் சேகரிப்பு மொத்தத்தையும் குப்பையில போட்டார்னு பர்கோஸோட மகள் பின்னாடி சொன்னாங்க. அப்படி ஒரு சேகரிப்பு வீட்ல இருந்ததே அன்னைக்குத்தான் அவங்களுக்குத் தெரியும்.