மூக்கடைத்த பிஞ்சுக்கு உப்புத் தண்ணீர் போதும்

என் பேத்திக்கு அப்போது இரண்டரை மாதம். இரவு இரண்டு மணி இருக்கும். பசியில் வீறிட்டவளை என் மகள் மார்பில் போட்டதும் அழுகை நின்றது. நாலு மிடறு குடித்திருப்பாள், காம்பை விட்டுவிட்டு முகம் சிவக்க மறுபடி அழுதாள். திரும்ப வாய் வைத்தாள், திரும்ப விட்டாள். மூக்கில் 'கொர் கொர்' என்று சத்தம். "பால் பத்தலையாம்மா?" என்று கேட்ட மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாலுக்குக் குறைவில்லை. குழந்தைக்கு மூச்சுவிடத்தான் வழியில்லை.

பிறந்து சில மாதங்கள் வரை குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அதன் குரல்வளை நம்முடையதைவிட மேலே, உள்நாக்கைத் தொடும் உயரத்தில் இருக்கிறது. அதனால் பால் இரு பக்கமும் வழிந்து இறங்க, காற்று நடுவே போய்வர முடிகிறது. குடித்துக்கொண்டே மூச்சும் விட இயற்கை செய்து வைத்த அழகான ஏற்பாடு. ஆனால் மூக்கு அடைத்துவிட்டால் அதே ஏற்பாடு குழந்தையைத் திணற வைக்கிறது. வாயில் காம்பு இருக்கிறது. மூக்கில் வழி இல்லை. அதுதான் விட்டுவிட்டு அழுகிறது. அழும்போது வாய் திறப்பதால் காற்று கிடைக்கிறது.

அந்தச் சின்ன மூக்கில் கொஞ்சம் சளி சேர்ந்தாலே ஏன் இவ்வளவு பாடு? இதற்கு இயற்பியல் பதில் சொல்கிறது. காற்று சீராக ஓடும் குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், தடை இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும். புவாசே விதி என்று கல்லூரியில் படித்திருப்பீர்கள். நம் மூக்கில் மெல்லிய சவ்வு வீங்கினால் ஒரு பக்கம் அடைத்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான். சில மில்லிமீட்டர் துளைக்கு அதே வீக்கம் பெரிய சுவர்.

அன்று இரவு என் மாமியார் எழுந்து வந்தார். "ஒரு துண்டு கற்பூரத்தைத் துணியில முடிஞ்சு தொட்டில்ல கட்டு கண்ணு, மூக்கு திறந்துடும்" என்றார். நான்கு பிள்ளைகளை வளர்த்த கை. அவர் சொன்னதில் இருந்த அன்பை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் வேண்டாம் என்றேன்.

கற்பூரமானாலும் தைலமானாலும் வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான். தைலத்தில் இருக்கும் மெந்தால், மூக்கு நரம்பில் குளிர்ச்சியை உணரும் இடத்தைத் தூண்டுகிறது. குளிர்ந்த காற்று உள்ளே போவதாக மூளை நினைத்துக்கொள்கிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் எக்கிள்ஸ் இதை அளந்தே பார்த்தவர். மெந்தாலை முகர்ந்தவர்கள் மூக்கு திறந்துவிட்டதாகச் சொன்னார்கள். கருவியில் பார்த்தால் காற்றின் தடை குறையவே இல்லை. பெரியவர்களுக்கு அந்த ஆறுதலால் கெடுதல் இல்லை. கைக்குழந்தைக்கு அப்படி அல்ல. மூக்கருகே மெந்தால் வாடை பட்டாலே சில சிசுக்களுக்குக் குரல்வளை இறுகி மூச்சு ஒரு கணம் நின்றுபோவதுண்டு. பூஜைக் கற்பூரம் இன்னும் மோசம். வாயில் போனால் மட்டுமல்ல, தோலில் தேய்த்தும் வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு. நெஞ்சில் தடவும் தைலப் பாட்டில்களில் இரண்டு வயதுக்குக் கீழ் வேண்டாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது இதனால்தான்.

குளிப்பாட்டியதும் காட்டும் சாம்பிராணிப் புகையையும் சளி பிடித்திருக்கும் நாளிலாவது நிறுத்துங்கள். புகை எதன் புகையானாலும் சவ்வை இன்னும் வீங்க வைக்கும். எண்ணெய்க் குளியலன்று மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதை எந்த நாளிலும் செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே போனால் குழந்தை இருமித் தள்ளும். எண்ணெயோ இருமலைக் கிளப்பாமல் நுரையீரலுக்குள் நழுவி, அங்கேயே தங்கி நிமோனியா ஆகக்கூடும். தேனும் ஒரு வயது வரை கூடாது.

சரி, என்ன செய்தோம்? சலைன் சொட்டு மருந்து வாங்கி வைத்திருந்தேன். உப்பும் தண்ணீரும்தான். புட்டியை இரண்டு நிமிடம் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன், சில்லென்று பட்டால் குழந்தை துள்ளும். மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு. தும்மினாள். ஒரு நிமிடம் கழித்து, காய்ந்து பொருக்காக இருந்தது இளகி நுனிக்கு வந்தது. மெல்லிய துணியைத் திரியாக்கி வாசலில் மட்டும் ஒற்றி எடுத்தேன். கால் மணி நேரம் கழித்து மார்பில் போட்டபோது நிறுத்தாமல் குடித்தாள்.

பால் கொடுப்பதற்குச் சற்று முன்பும், தூங்க வைக்கும் முன்பும் இப்படிச் செய்தால் போதும். ரப்பர் பல்பு வைத்து உறிஞ்சுவதானால் நாளுக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம், சவ்வு புண்ணாகி இன்னும் வீங்கும். வாயால் உறிஞ்சி எடுத்த பாட்டிகளின் யோசனையும் இந்தப் பல்பின் யோசனையும் ஒன்றுதான். நம் வாய்க் கிருமி குழந்தைக்குப் போகும் என்பதால்தான் அதை விட்டுவிடச் சொல்கிறோம்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே அட்டையில், இரண்டு வகைச் சொட்டு மருந்து வருகிறது. ஒன்றில் சோடியம் குளோரைடு மட்டும் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது. மற்றதில் ஆக்சிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின் இருக்கும். ரத்தக் குழாயைச் சுருக்கும் அந்த மருந்து கைக்குழந்தையை மயக்கத்தில் ஆழ்த்தி மூச்சையே மந்தமாக்கக்கூடும். அட்டையைத் திருப்பிப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

உப்புத் தண்ணீரைக் கைவைத்தியம் என்று லேசாக நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் செய்த ஆய்வின் முடிவு 2024 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. உப்புச் சொட்டு விட்ட குழந்தைகளுக்குச் சளி சராசரியாக 6 நாளில் சரியானது. விடாதவர்களுக்கு 8 நாள் ஆனது. அங்கே பயன்படுத்தியது உப்புச் செறிவு கூடிய கரைசல். வீட்டில் அதை முயல வேண்டாம், சிசுவுக்குச் சாதாரண சலைனே சரி.

சிரப் பக்கம் போகாதீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்திருந்து, 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். நஞ்சே கலக்காத சிரப்பாக இருந்தாலும் இரண்டு வயதுக்குள் பயன் இல்லை, ஆபத்து உண்டு. குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. சளிக்குக் காரணம் வைரஸ். ஒரு வாரம், பத்து நாளில் அதுவே போகும். அதுவரை தாய்ப்பாலை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தலையணை வைத்துத் தலையை உயர்த்தாதீர்கள், சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்கட்டும். தூளியில் தாடை நெஞ்சில் முட்டும்படி வளைந்து கிடந்தால் மூச்சுக் குழாய் இன்னும் நெருக்கப்படும்.

எல்லாம் செய்தும் பயம் தீரவில்லையா? சட்டையைக் கழற்றி, குழந்தை அமைதியாக இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் மூக்கடைப்பு அல்ல. விலா எலும்புக்குக் கீழே உள்வாங்குவது, மூக்குத் துளை விரிவது, உதடு நீலம் பாய்வது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108க்கு அழையுங்கள்.