ஓதின சோறும் ஜெப வீடும்

பதுளையில் எங்கள் வீட்டுக் கந்தூரிச் சோற்றுக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் ஒரு பங்கு உண்டு. கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் ஒரு அக்கா வருவா. உம்மா வாழையிலையில் கட்டிக் கொடுப்பா. ஒரு வருஷம் அவ வாசலிலேயே நின்றுவிட்டா. "கோவிச்சுக்காதீங்கம்மா. ஓதுன சோறு திங்கக் கூடாதுன்னு பாஸ்டர் சொல்லிட்டாரு."

உம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் அக்காவைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. மாரியம்மன் கோயில் பொங்கலை அவ கொண்டு வந்த காலத்தில் மரியாதைக்கு வாங்கி வைப்போமே தவிர, நாங்களும் தின்றதில்லை. பத்து வருஷம் போன பிறகு, அரபுக் கல்லூரியில் ஓதிவிட்டு வந்த என் மருமகன் அதே சோற்றைத் தள்ளி வைத்தான். "மாமா, இது பித்அத். எனக்கு வாணாம்." உம்மாவின் முகம் அன்றும் அதே மாதிரித்தான் சுருங்கியது.

அக்காவின் கதையை நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மெதடிஸ்த ஆசிரியரிடம் சொன்னேன். "அவங்க அடிப்படைவாதிகள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். 2019க்குப் பிறகு அந்தச் சொல்லை நாம் கேட்காத நாள் குறைவு. ஆனால் அது முதலில் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தாங்களே விரும்பி வைத்துக்கொண்ட பெயர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் 'அடிப்படைகள்' என்ற பெயரில் பன்னிரண்டு தொகுதிகள் வெளியாகின. கலிபோர்னிய எண்ணெய் முதலாளி லைமன் ஸ்டுவர்ட்டும் அவருடைய சகோதரர் மில்டனும் காசு போட்டு, போதகர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இலவசமாக அனுப்பினார்கள். 1920இல் கர்ட்டிஸ் லீ லாஸ் என்ற பப்டிஸ்ட் பத்திரிகையாசிரியர், இந்த அடிப்படைகளுக்காகப் போராடுகிறவர்களுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். அவர்கள் போராடியது நம்மோடோ இந்துக்களோடோ அல்ல. பைபிளை மற்ற நூல்களைப் போல ஆராயலாம், அற்புதங்களை உவமையாக எடுக்கலாம் என்று சொன்ன தங்கள் சொந்தச் சபைப் பேராசிரியர்களோடுதான். அவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தவற்றில் ஈஸா நபி தகப்பன் இல்லாமல் பிறந்ததும் ஒன்று. அதைச் சந்தேகித்த தாராளவாதப் பாதிரியாரை விட, அந்த ஒரு விஷயத்தில் நாம்தான் அடிப்படைவாதிக்குக் கிட்ட நிற்கிறோம். சிலுவை மரணம் என்று வந்தால் பாதை பிரிந்துவிடும்.

ஆசிரியர் நண்பரின் சொல்லில் இன்னொரு பிசகும் இருந்தது. ஊவாத் தோட்டங்களில் நாம் பார்க்கும் ஜெப வீடுகளில் கனக்க பெந்தெகொஸ்தே வழியில் வந்தவை. அந்நிய பாஷை பேசுவது, நோய்க்கு ஜெபிப்பது எல்லாம் அந்த வழி. அமெரிக்க அடிப்படைவாதிகளின் சங்கமே 1928இல் இவர்களைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. வேதத்தை வரிக்கு வரி பிடிப்பதில் இருவரும் ஒன்றுதான். ஒரே வீட்டுக்காரர்கள் அல்ல. எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்பதும் சரியில்லை. 1920களில் கொழும்பில் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனை உண்டாக்கிய பாஸ்டர் போல், கேரளத்தில் இந்துவாகப் பிறந்தவர். வெள்ளை உடுப்பு, கல்யாணம் செய்யாத ஊழியர்கள், மருந்தை நாடாத விசுவாசம் என்று அவர் போட்ட வழி பிறகு கடல் கடந்து போனது.

இவர்கள் தோட்டத்துக்கு வரும்போது மற்றச் சபைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன. பதுளை நகரின் சென் மார்க் தேவாலயம் 1857இல் திறக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மேஜர் ரோஜர்ஸ் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவர் நினைவுக்குக் கட்டிய கோயில் அது. வெள்ளைக்காரர் கோயில் என்றால் தப்பில்லை. மலையகத் தொழிலாளர்களுக்காக 1854இல் 'தமிழ்க் கூலி மிஷன்' என்று தனியே ஒன்று தொடங்கி, திருநெல்வேலியிலிருந்து உபதேசிமாரைக் கொண்டு வந்தார்கள். பெயரிலேயே கூலி என்று எழுதிய சபை அது.

கத்தோலிக்கர் பக்கம் 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, இந்த ஏழை மறைமாவட்டத்தைத் தானே கேட்டு வாங்கி வந்தார். பண்டாரவளையில் சேவக செவன என்ற குருமடத்தைத் தொடங்கி, குருமாணவர்களைக் கிராமத்துச் சனங்களோடு வாழவைத்துப் பயிற்றினார். மற்ற மதத்தாரோடு சேர்ந்து உழைப்பதும் அவருக்குச் சுவிசேஷம்தான். அந்தக் காலத்துக்குள் குத்துவிளக்கும் பொங்கல் பூசையும் கோயிலுக்குள் வந்துவிட்டன.

ஜெப வீட்டுக்குக் குத்துவது இதுதான். விளக்கேற்றும் ஆயரும் தீ மிதிக்கும் பூசாரியும் அவர்களுக்கு ஒரே கணக்கு. தோட்டத்தில் கலாசாரம் என்பது மேடையில் ஆடுவது இல்லை. சாவுக்குத் தப்படிப்பது, காமன் கூத்துக்குக் காசு போடுவது, அண்ணனுக்குக் கொள்ளி வைப்பது. ஜெப வீட்டுக்குப் போனவர் இதிலிருந்து விலகும்போது ஒரு லயமே இரண்டாகிறது. நகரத்துச் சபைகள் "எங்கள் ஆட்டைத் திருடுகிறார்கள்" என்கின்றன. ஆனால் நகரத்துப் பாதிரியார் மாதம் ஒருக்கா வருவார். பாஸ்டர் அடுத்த லயத்தில் இருக்கிறார். அக்காவின் புருஷன் குடியை விட்டது அங்கேதான். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுத எனக்கு ஏலாது.

2004இல் ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலத்தைக் கொண்டு வந்தது. சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த நாட்களில் எங்கள் கடை வாசலில் "ஜெபக்காரருக்கு வேணும்" என்று பேசியவர்களில் நானும் ஒருவன். 2008 ஒக்டோபரில் புதிய வணக்கத் தலங்களுக்கு அமைச்சின் அனுமதி வேண்டுமென்று சுற்றுநிருபம் வந்தது. ஜெப வீடுகளை மூடச் சொல்லிக் காட்டிய அதே கடதாசியைப் பிறகு நம் தக்கியாக்களுக்கும் காட்டினார்கள். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்துப்போன பிள்ளைகள் இப்படியான ஒரு சுவிசேஷ சபையின் பிள்ளைகள். குண்டு வைத்தவன் நம் கலிமாவைச் சொன்னவன். அடுத்த கிழமை அக்கா கடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் சாமான் வாங்கிக்கொண்டு போனா.

எங்கள் வீட்டில் இப்போது கந்தூரி இல்லை. மருமகன் சொல்லி நின்றுவிட்டது. நோன்பு காலத்தில் அக்கா வருவா. கஞ்சிச் சட்டியை வாங்க முதல் கேட்பா: "இது ஓதுனதில்லையே?"

"இல்ல, வெறும் கஞ்சிதான்" என்று உம்மா சொல்வா.