ஐந்தாவது டயரும் அதே டயராக இருக்கட்டும்

அறுவடை நேரத்தில் ஜீப்போ பிக்கப் வண்டியோ பஞ்சராகி நின்றால், சந்தைக்குப் போக வேண்டிய விளைபொருளும் வேலைக்கு ஏற்றி வந்த ஆட்களும் சேர்ந்தே நடுவழியில் நிற்க வேண்டியதாகிறது. சீமைக்கருவேல முள் கிடக்கும் மானாவாரிக் காட்டுப் பாதையிலும், கருங்கல் துருத்தி நிற்கும் மலைத்தோட்டப் பாதையிலும் ஓடும் வண்டிக்கு ஸ்டெப்னிதான் காப்பு. ஆனால் பலரும் நான்கு டயரையும் புதிதாக வாங்கிவிட்டு, கழற்றிய பழைய டயர்களில் ஒன்றையே ஸ்டெப்னியாக மாட்டி வைக்கிறார்கள். அவசரத்துக்கு உதவ வேண்டிய அந்த டயரே வண்டிக்கும் உயிருக்கும் ஆபத்தாகிவிடலாம்.

அளவு பார்த்து வாங்குங்கள்

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர்15 என்பது போல ஓர் அளவு இருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கவாட்டு உயரம். 'ஆர்' என்றால் ரேடியல். 15 என்பது டிஸ்க்கின் விட்டம், அங்குலத்தில்.

"15 டிஸ்க்குக்கு 15 டயர், அப்படியே உட்காரும்" என்று சொன்னால் நம்பி வாங்கிவிடாதீர்கள். 215/75 ஆர்15 டயரின் மொத்த உயரம் ஏறத்தாழ 703 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 டயரின் உயரம் 733 மில்லிமீட்டர். டிஸ்க் ஒன்றுதான், உயரத்தில் 3 சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் சிறிய டயர் 18 சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும்.

4 வீல் டிரைவ் வண்டியில் இது பெரிய சிக்கல். பெரும்பாலான ஜீப்களில் 4 வீல் டிரைவ் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பிணைக்கப்படுகின்றன. டயர் உயரம் மாறினால் ஒன்றையொன்று இழுக்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த இழுவை தளர்ந்துவிடும். தார்ச்சாலையிலும் பாறையிலும் தளர வழியில்லை. கியர்ப் பெட்டியும் ஆக்சிலும் அந்தச் சுமையைத் தாங்கித் தாங்கிக் கெட்டுப்போகும். டயரில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு பட்டறையில் செலவாகும்.

அளவு ஒன்றாக இருந்தாலும் தேய்மானத்தைக் கவனியுங்கள். மற்ற டயர்களில் பட்டன் 2 மில்லிமீட்டர் மீதமிருக்க, ஸ்டெப்னியில் 8 மில்லிமீட்டர் இருந்தால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும்.

டிராக்டர் டயரை ஜீப்புக்கு மாட்டாதீர்கள்

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. 6.00-16 என்ற அளவு பழைய ஜீப்பிலும் உண்டு, டிராக்டர் முன்சக்கரத்திலும் உண்டு. டிஸ்க்கில் உட்கார்ந்துவிடுவதால் வீட்டில் கிடக்கும் டிராக்டர் டயரை ஸ்டெப்னியாக்கிவிடத் தோன்றும். விவசாய டயரில் 'ஏ6' அல்லது 'ஏ8' என்ற குறி இருக்கும். ஏ6 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், ஏ8 என்றால் 40 கிலோமீட்டர் வேகத்துக்குத்தான் அது தாங்கும். சாலை வேகத்துக்கும் பிரேக்குக்கும் அது செய்யப்பட்டதல்ல.

நைலான் டயரையும் ரேடியல் டயரையும் ஒரே ஆக்சிலில் கலக்கக் கூடாது. இரண்டும் வளைவில் நடந்துகொள்ளும் விதம் வேறு. நான்கும் ரேடியல் என்றால் ஸ்டெப்னியும் ரேடியலாகவே இருக்கட்டும்.

பாரம் தாங்குமா?

அளவுக்குப் பக்கத்திலேயே ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். அந்த எண்தான் ஒரு டயர் தாங்கும் எடையைச் சொல்கிறது. 95 என்றால் 690 கிலோ, 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900 கிலோ. வண்டியோடு வந்த டயரின் எண்ணைவிடக் குறைந்த எண் உள்ளதை வாங்காதீர்கள். வாழைத்தாரோ காய்கறி மூட்டையோ ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது, வெளிப்பக்க முன்சக்கரத்தின் மீதுதான் அதிகப் பாரம் விழுகிறது. அந்த இடத்தில் பலவீனமான டயர் இருந்தால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

வயதையும் பாருங்கள்

ஓடாத டயரும் கெடும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயரை நம்பாதீர்கள். பின்கதவில் வெயிலில் தொங்கும் ஸ்டெப்னிக்கு உறை போடுவது நல்லது.

பஞ்சர் கிட் மட்டும் போதுமா?

ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள சிறிய பயணிகள் வண்டிகளுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. நகரச் சாலைக்கு இது சரி. முள் குத்தியதை கிட் அடைத்துவிடும். கல் கிழித்த பக்கவாட்டை அடைக்க முடியாது. அதேபோல, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள் என்று ஒட்டி வரும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னியும் தோட்டப் பாதைக்கு உதவாது. தோட்ட வேலைக்கு வண்டி வாங்கும்போதே முழு அளவு ஸ்டெப்னி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்தையும் சுழற்றுங்கள்

8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போது ஸ்டெப்னியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தும் ஒரே சீராகத் தேயும். ஸ்டெப்னி பயன்படாமலேயே வயதாகிப் போவதும் குறையும். சுற்றும் திசையைக் குறிக்கும் அம்பு போட்ட டயரை மட்டும் திசை மாற்றி மாட்டக் கூடாது.

காற்று பிடிக்கும்போதெல்லாம் ஐந்தாவது டயரிலும் பாருங்கள். தேவையான அளவைவிட 5 பி.எஸ்.ஐ. கூடுதலாக வைக்கலாம். அதிகமான காற்றை வழியில் திறந்துவிடலாம், குறைந்தால் அங்கே பிடிக்க முடியாது. அடியில் தொங்கும் ஸ்டெப்னியின் சங்கிலி சேற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை இறக்கி, எண்ணெய் விட்டு ஏற்றுங்கள். அலாய் வீலுக்கும் இரும்பு டிஸ்க்குக்கும் நட்டு வேறுபடலாம். வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது கவனம்

ஆட்களை இறக்கிவிட்டு, முடிந்தால் பாரத்தையும் குறைத்து, மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஈர மண்ணில் ஜாக்கி புதையும் என்பதால் ஒரு கனமான பலகைத் துண்டு வண்டியில் எப்போதும் கிடக்கட்டும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

கையில் இருப்பது அளவு மாறிய ஸ்டெப்னிதான் என்றால் 4 வீல் டிரைவ் போடாதீர்கள். வழக்கமாகப் பின்சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்டயர் பஞ்சரானால், முன்டயர் ஒன்றைப் பின்னால் மாற்றி, ஸ்டெப்னியை முன்னால் மாட்டி, அருகிலுள்ள பஞ்சர் கடை வரை மெதுவாகப் போங்கள்.

டிராக்டர் டிரெய்லருக்கும் அதே அளவு, அதே பாரம் தாங்கும் ஸ்டெப்னி தேவை. லாக் ரிங் உள்ள டிஸ்க்கில் காற்று பிடிக்கும்போது ரிங் தெறித்தால் உயிரே போகும். எதிரே நிற்காதீர்கள். பாதுகாப்புக் கூண்டு உள்ள கடையில் மட்டும் காற்று பிடியுங்கள்.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது ஓடும் டயரின் அளவு, பாரம் தாங்கும் எண், தயாரான ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான்கு டயர் வாங்கக் கணக்குப் போடும்போதே ஐந்தாவதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.